ஒற்றை இருக்கை வண்டி

இங்கிலாந்தின் கெட்டரிங் நகரத்துச் செருப்பு ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மெர்வின் டக்வெல், பெட்டி பெட்டியாக வந்திறங்கிய பாகங்களை வைத்து வீட்டுக் கராஜிலேயே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். கூரை கிடையாது, தரையோடு தரையாகக் கிடக்கும் சின்ன வண்டி. அவர் மனைவி பெரில் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"இந்தத் தகர டப்பாவுல செத்தாலும் ஏற மாட்டேன், பாத்துக்கோ."

வேறு எதையும் காதில் போட்டுக்கொள்ளாத மனிதர், இதை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இரண்டாவது இருக்கையை வாங்கவே இல்லை. அந்த இடத்தை அலுமினியத் தகடு போட்டு மூடி, வரிசையாக ரிவெட் ஆணி அடித்து, தேநீர்க் குடுவை வைக்க ஒரு சின்னக் கதவும் வைத்தார். அதில் அவருக்கு ஏகப் பெருமை.

சாலையில் ஓட அனுமதி தரும் அரசாங்கச் சோதனைக்கு வண்டி தயாராகிற நேரத்தில் அவர் கண் காலை வாரிவிட்டது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரிந்தது. நேரே பார்த்தால் சாம்பல் திட்டு. இனி வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வித்துடலாம் பெரில்," என்றார், சாப்பாட்டை அளைந்தபடி.

அவள் எழுந்து கராஜுக்குப் போனாள். அவரும் பின்னாலேயே போனார். அவள் காலை மடக்கி, முனகிக்கொண்டே ஓட்டுநர் இருக்கையில் இறங்கிக்கொண்டிருந்தாள்.

"நான் ஓட்டறேன். நீ எங்க உட்காருவ? அந்தக் குடுவை பொந்துலயா?"

"நீதான் ஏறவே மாட்டேன்னியே!"

"சொன்னேன். அப்புறம் ஒரு தடவையாவது வான்னு கூப்பிட்டியா? கூப்பிட்டிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு வந்திருப்பேன்."

இத்தனை வருஷமும் தனக்கு மட்டுமே இடம் வைத்து ஒரு வண்டி கட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் மெர்வினுக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது.

மறுநாளே தகட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். ரிவெட்டை விரலால் தடவிக் கண்டுபிடிப்பார். துளைக்கருவியின் முனையைச் சரியாக அதன் மேல் வைத்துக்கொடுப்பது பெரிலின் வேலை. "கையை எடு, துளை போட்டுடப் போறேன்" என்று அவளை விரட்டிக்கொண்டே இருந்தார். இரண்டாவது இருக்கை வந்தது. வண்டி சோதனையிலும் தேறிற்று.

முதல் ஞாயிறு, ஊருக்கு வெளியே ஆளில்லாத சாலை. பெரிலுக்கு கிளட்சும் கியரும் ஒன்றாக வரவில்லை. வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது.

"சனியனே!" என்றாள் வண்டியை. பிறகு அவரைப் பார்த்து, "கியர் உன் கைக்கும் எட்டுதுல்ல? நீ போடு. நான் கிளட்ச்ச மிதிக்கறேன். எப்பன்னு நான் சொல்றேன்."

மெர்வின் நடுவிலிருந்த கியர்த் தண்டின் மேல் வலக்கையை வைத்தார். எஞ்சின் சத்தம் முறுக்கேறிற்று.

"நீ சொல்ல வேணாம், எனக்கே கேக்குது," என்றார். "இப்ப மிதி."

அவள் மிதித்தாள். அவர் கியரை மாற்றினார். வண்டி குலுங்காமல் போயிற்று.