ஹெலன் அக்காவின் பெயரை அந்த ஏணியில் எழுதாதீர்கள்

ஹெலன் அக்கா இறந்த செய்தி எனக்குத் தாம்பரம் ஸ்டேஷனில் கிடைத்தது. எங்களோடு டென்னிஸ் ஆடிய துரைக்கண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா காலைல போயிட்டாங்க சார், ஹார்ட் அட்டாக்" என்றான். சென்னை பீச் வண்டி வந்து நின்றது, கிளம்பியும் போனது. இருவரும் ஏறவில்லை. அன்று எனக்கு அழுகைதான் வந்தது. கோபம் வந்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நம் கோர்ட்டில் நடந்த இரங்கல் கூட்டத்தில்.

தலைமை வகித்தவர் நம் டென்னிஸ் மன்றத் தலைவர் சடகோபன். "எல்லோரிடமும் அனுசரித்துப் போனவர்" என்று அக்காவைப் புகழ்ந்தார். அக்காவா? அனுசரித்தா? அவரை அறிந்த நீங்களே சொல்லுங்கள். அதோடு விட்டாரா மனிதர்! அக்கா பெயரில் புதிய ஏணிப் போட்டி தொடங்கப் போகிறார்களாம். மேல்படிகள் நிர்வாகிகளுக்கு ஒதுக்கப்படுமாம், அவர்களை யாரும் ஆட்டத்துக்கு அழைக்கக் கூடாதாம். தீர்மானத்தை வாசிக்க வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில், இரும்புலியூரில் இருந்த நம் ஒற்றை மண் கோர்ட்டில் முதல் ஏணியைத் தொடங்கியவரே அக்காதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை, ஓய்வு நேரமெல்லாம் கோர்ட்டில். ஒரு பலகையில் மேலிருந்து கீழாக ஆணி அடித்து, ஆடுகிறவர்களின் பெயரைத் தகரத் துண்டுகளில் எழுதி மாட்டினார். நமக்கு மேலே இருக்கும் இருவரில் யாரையும் சவாலுக்கு அழைக்கலாம். ஒரு வாரத்துக்குள் அவர் ஆட வேண்டும், தோற்றாலும் ஆட வராவிட்டாலும் அவர் படி நமக்கு. பம்மல் தோல் பட்டறைக்காரரும் காலேஜ் வாத்தியாரும் அந்தப் பலகையில் அக்கம்பக்கமாக இருந்தார்கள்.

தோற்றவர்தான் தம் கையால் பெயர்களை மாற்றி மாட்ட வேண்டும். இது அக்கா வைத்த வழக்கம், பலருக்கும் கசந்த வழக்கம். ஒருமுறை தோற்றுவிட்டு நான் நைசாக நழுவப் பார்த்தேன். "நான் மாட்டினா உனக்கு நெஞ்சுல முள்ளு மாதிரி நிக்கும். நீயே மாட்டிட்டுப் போ, வீட்ல நல்லாத் தூக்கம் வரும்" என்றார் அக்கா. முணுமுணுத்துக்கொண்டே மாட்டினேன். பிறகு என்னை ஜெயித்தவரோடு டீ குடிக்கப் போனேன்.

அப்போது முதல் படியில் இருந்தவர் சடகோபன். அடுத்த படியில் துரைக்கண்ணு, அவர் ஆபீஸிலேயே கிளார்க். துரை மனது வைத்து ஆடினால் சடகோபனுக்குப் பந்து கண்ணிலேயே படாது. ஆனால் மேலதிகாரியை ஜெயிப்பது மரியாதை இல்லை என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அக்கா வற்புறுத்தி சவால் விட வைத்தும், சர்வீஸை எல்லாம் வலையிலேயே அடித்துத் தோற்றான். சடகோபன் அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார். அக்கா எழுந்து வந்து, ஆட்டம் செல்லாது, வாரத்துக்குள் மறுபடி ஆடுங்கள் என்றார். எனக்கு இருக்கிற மரியாதை என்ன என்று சடகோபன் கத்தினார். அக்கா குரலை உயர்த்தவில்லை.

"ஆபீஸ்ல அவன் உங்களுக்கு எழுந்து நிக்கட்டும் சார். இங்கயும் எழுந்தே நின்னா, நீங்க யாரோட ஆடுவீங்க?"

அந்த வாரமே சடகோபனுக்கு மூட்டுவலி வந்துவிட்டது. கெடு தாண்டியதும் அக்கா படியை விடச் சொன்னார். அவரோ கமிட்டியைக் கூட்டினார். ஒரு பெண்மணிக்கு எதற்கு இவ்வளவு சிரமம் என்று ஏணியைப் பிடுங்கிக்கொண்டு, ஆண்டு விழாவுக்குச் சிற்றுண்டிப் பொறுப்பைக் கொடுத்தார்கள். சிற்றுண்டி! அக்கா அதைத் தொடவில்லை, மட்டையை எடுத்தார். கடைசிப் படியில் தன் பெயரை மாட்டி, வருஷக்கணக்கில் ஆடி ஏறி, சடகோபனுக்கு அடுத்த படிக்கு வந்து சவால் விட்டார். அவர் ஆட வரவில்லை. கொஞ்ச நாளில் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று பலகையையே கழற்றிவிட்டார்கள். தோற்றுவிடுவோம் என்று சடகோபன் பயப்படுகிறாரா என்று அக்காவைக் கேட்டேன். "தோத்தா ஒண்ணும் ஆகாதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல, அதாம்பா பயம்" என்று சிரித்தார்.

அந்த மனிதர்தான் இன்று அக்கா பெயரில் ஏணி சாத்துகிறார். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அக்கா அனுசரித்துப் போனவர் இல்லை, உங்களைப் படி இறங்கச் சொன்னவர், இந்த ஏணியில் அவர் பெயர் வேண்டாம் என்று எழுந்து சொன்னேன். இரங்கல் கூட்டத்தில் தகராறு எதற்கு என்று யாரோ என் சட்டையை இழுத்தார்கள். அப்போது துரைக்கண்ணு எழுந்தான்.

"அன்னிக்கு நான் வேணும்னேதான் தோத்தேன் சார். அக்காவுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும்."

சடகோபன் தீர்மானத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஏணி தொடங்கட்டும், அக்கா பெயர் இல்லாமலே தொடங்கட்டும் என்று முடிவாயிற்று. நாங்கள் அக்காவுக்குச் செய்த அஞ்சலி அவ்வளவுதான்.

அக்காவிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபம். யாரையும் சிறுமைப்படுத்தும் கோபம் இல்லை அது. எதிரே இருப்பவரைச் சமமாக நிறுத்தி ஆடக் கூப்பிடும் கோபம். கூட்டம் கலையும்போது சடகோபன் தனியாக வெளியே நடந்தார். வேகமாகப் போய் அவரை நிறுத்தினேன்.

"ஞாயித்துக்கிழமை வாங்க சார், ஆடலாம். நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்."