நான் எழுதிக் கொடுத்த எண்

என் கணவருக்குப் பழைய துப்பாக்கிகள் என்றால் உயிர். முதலமடையில் வயலும் மாந்தோப்புமாக இருந்த குடும்பம். ஆனால் லைசென்ஸ் இருந்தது ஒரே ஒரு ரிவால்வருக்குத்தான், அதுவும் மாமனார் காலத்தியது. ஒரு மழைக்காலத்தில் ஆற்றைக் கடக்கும்போது வண்டி சாய்ந்து, அது வெள்ளத்தோடு போய்விட்டது. வெளியே தெரிந்தால் லைசென்ஸ் போகும், பங்காளிகள் சிரிப்பார்கள் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. நெல்லியாம்பதி மலையில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கப்பலேறப்போன ஒரு துரையிடம், அதே மாதிரி இன்னொன்றைக் காகிதம் எதுவும் இல்லாமல் வாங்கிவந்தார். தந்தப் பிடி போட்டது. பொறித்திருந்த எண் மட்டும் வேறு.

அந்தச் சமயம் நாத்தனார் கல்யாணத்துக்காகச் சீர்ப் பாத்திரங்களில் பேர் வெட்ட ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதிருக்கும், ஒல்லியான ஆள். சின்ன உளியை வைத்துப் புள்ளி புள்ளியாகத் தட்டி எழுத்தைக் கொண்டுவருவார். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருமுறை ஊதிப் பார்த்துக்கொள்வார்.

என் கணவர் துப்பாக்கியின் எண்ணைத் தானே அரத்தால் ராவி எடுத்துவிட்டு அவரிடம் கொண்டுபோனார்.

"இதுல வேற நெம்பர் வெட்டோணும்."

"இங்கிலீசு நெம்பர் எனக்குத் தெரியாதுங்க பண்ணாடி. ஆராச்சும் எழுதிக் குடுத்தா, அதப் பாத்து அப்படியே வெட்டிருவனுங்க."

என் கணவருக்குத் தமிழ் மட்டும்தான் படிக்க வரும். அந்த வீட்டில் இங்கிலீஷ் எண் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பொள்ளாச்சியில் பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்திருந்தேன். லைசென்ஸைப் பார்த்து ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். பக்கத்தில் நின்று, இரண்டுக்கு வாலை இன்னும் கொஞ்சம் நீட்டச் சொன்னேன். நான் எழுதியது இரும்பில் ஏறுவதைப் பார்க்க எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வேலை முடிந்ததும் தாளை வாங்கி என் கணவர் அடுப்பில் போட்டார்.

லைசென்ஸ் புதுப்பிக்கும் நேரத்தில் இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு வந்தார். துப்பாக்கியை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது கம்பெனியில் அடிச்ச நம்பர் அல்ல. யாரோ உளி வச்சு வெட்டியது."

என் கணவர் கண்கூட இமைக்கவில்லை. "தொடச்சுத் தரச்சொல்லி, பேரு வெட்டறவன்கிட்டக் குடுத்திருந்தனுங்க. என்ற துப்பாக்கிய வித்துப்போட்டு வேற எதையோ குடுத்துட்டானாட்ட இருக்குது."

ஆளைக் கொண்டுவந்தார்கள். அவருக்கு முதலில் விஷயமே புரியவில்லை. புரிந்ததும், "பண்ணாடிச்சிதானுங்க நெம்பர எழுதிக் குடுத்தாங்க. கேட்டுப் பாருங்க சாமி" என்றார்.

என்னைக் கூப்பிட்டார்கள். என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. மடியில் உட்கார்ந்திருந்த எங்கள் மகனின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தால் பிள்ளையை வைத்துக்கொண்டு என்னை மட்டும் அப்பா வீட்டுக்கு வண்டியேற்றிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

"உங்களுக்கு எழுதத் தெரியுமோ?"

"தெரியாதுங்க."

"கையெழுத்து?"

"தெரியாதுங்க."

பேர் வெட்டுகிறவர் கோபப்படவில்லை. எனக்கு மறந்துபோய்விட்டது என்றே நினைத்திருக்க வேண்டும். "ரெண்டுக்கு வால நீட்டச் சொன்னீங்களே ஆத்தா" என்று ஞாபகப்படுத்துவதுபோல மெதுவாகச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டு, இன்ஸ்பெக்டர் நீட்டிய தாளில் கட்டைவிரலை வைத்தேன்.

இன்ஸ்பெக்டருக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, களத்தில் எங்கள் ஆட்கள் பேர் வெட்டுகிறவருடைய வலது கையை ஆட்டுக்கல்லின் மேல் வைத்து உலக்கையால் இடித்தார்கள். "கைய மட்டும் உட்ருங்க சாமி" என்ற சத்தம் அடுக்களை வரை கேட்டது. இன்ஸ்பெக்டர் ரசம் நன்றாக இருப்பதாகச் சொல்லி இன்னொரு கரண்டி கேட்டார். நான் ஊற்றினேன்.

பேர் வெட்டுகிறவரை ஜெயிலுக்கு அனுப்பினார்கள். விடுதலையாகி வந்தபின் கொல்லங்கோட்டுச் சந்தையில் பிச்சையெடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ரிவால்வரை சர்க்கார் எடுத்துக்கொண்டது. ஏமாற்றப்பட்ட மனுஷர் என்று பெயரெடுத்த என் கணவர், அடுத்த வருஷமே லைசென்ஸோடு புதிதாக ஒன்று வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் சாப்பிட்டுவிட்டுப் போன அன்று சாயங்காலமே என் பள்ளிக்கூடப் புத்தகங்கள் இரண்டையும் வெந்நீர் அடுப்பில் வைத்தார். "இனி நீ எழுத்துத் தெரியாதவ. எனக்கு முன்னாலயும்தான்" என்றார். மளிகைச் சீட்டைக்கூட நான் பார்க்கக் கூடாது என்றானது.

இரண்டு வருஷம் கழித்து அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. வீட்டில் விருந்தாளிகள் இருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் என் கணவர் அதைப் பிரித்துப் படித்தார்.

"எல்லாரும் சௌக்கியமாம். உங்கப்பனுக்கு வடுமாங்கா வேணுமாம். போட்டு அனுப்பு."

படித்துக்கொண்டே தாளை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். அண்ணன் கையெழுத்து எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. 'அப்பாவுக்குப் பேச்சு நின்றுவிட்டது. உன்னைத் தேடுகிறார். உடனே வரவும்.' அவர் தாளைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரிங்க" என்றேன்.

தோப்பிலிருந்து பிஞ்சு பறித்துவரச் சொல்லி உப்பில் போட்டேன். நாலாம் நாள் ஆள் வந்து சாவுச் செய்தி சொன்னான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சடங்கெல்லாம் முடிந்து வாசல் கழுவியிருந்தார்கள்.

சின்ன வயதில் தினமும் என் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனவர் அண்ணன்தான். "கடுதாசி போட்டனே அம்மிணி, ஏன் வரல?" என்று கேட்டார்.

"எல்லாரும் சௌக்கியம்னுதாண்ணா படிச்சுச் சொன்னாங்க."

"ஏன், நீ படிக்க மாட்டியா?"

என் கணவர் பக்கத்திலேயே நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"மறந்து போச்சுங்கண்ணா" என்றேன்.

அண்ணன் அதற்குப் பிறகு எனக்குக் கடிதமே எழுதவில்லை.