தண்ணி எடை

லாரிக்காரர்கள் அவளை மேடையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். லாரிகளுக்கு எடை போடும் மேடைக்குப் பக்கத்தில், கண்ணாடி ஜன்னல் வைத்த சின்ன அறைக்குள் நாள் பூராவும் உட்கார்ந்திருப்பவளுக்கு வேறென்ன பேர் வரும்? காலி வண்டி ஏறும், எடை எடுப்பாள். லோடு ஏற்றிக்கொண்டு அதே வண்டி திரும்பி வரும், மறுபடி எடுப்பாள். ரெண்டுக்கும் நடுவில் எவனாவது தில்லுமுல்லு செய்யப் பார்த்தால் தொலைந்தான். அவள் போடும் சத்தத்தில் ஹாரன்கூட எடுபடாது.

ஊர்பட்ட வண்டிகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், தன் உடம்பு விஷயத்தில் மட்டும் கோட்டை விட்டாள். அந்தக் கூத்தைத்தான் சொல்ல வருகிறேன்.

அவளுக்கு முதல் கர்ப்பம் தங்கவில்லை. இரண்டாவது உண்டானபோது, வீட்டில் யாரும் சத்தமாகச் சிரிக்கக்கூடப் பயந்தார்கள். ஏற்கெனவே ஒட்டடைக்குச்சி உடம்பு. ஏழாம் மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் முகத்தைச் சுளித்து, "என்னம்மா, எடையே ஏறல? பிள்ளை சின்னதா இருக்கு, கவனமா இருங்க" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஆரம்பித்தது மாமியாரின் தர்பார். தட்டில் இருப்பது தீருவதற்குள் அடுத்த கரண்டி வந்து விழும். "போதும் அத்தை" என்றால், "உனக்கா போடறேன்? என் பேரப்பிள்ளைக்குப் போடறேன், வாயைத் திற" என்பாள். புருஷன் வெளியூரில் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். அவன் போனில் கேட்கும் முதல் கேள்வியே "எடை ஏறிச்சா?" என்பதுதான்.

ஏறவில்லை. பக்கத்து சிமெண்ட் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு ஒன்று இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் போய் அதில் ஏறி நிற்பாள், வாடிய முகத்தோடு இறங்குவாள்.

எட்டாம் மாசத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஒரு வாரத்திலேயே முள் குபீரென்று ஏறியது. நம்ப முடியாமல் இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தாள். அடுத்த வாரம் இன்னும் ஏறியது. கன்னம் உப்பி, கண் இடுங்கி, கை விரலெல்லாம் கொழுகொழுவென்று ஆகிவிட்டது. மோதிரத்தைக் கழற்ற சோப்புப் போட வேண்டி வந்தது. மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாரேன், எப்படிப் பூரிச்சுப் போயிருக்கா! யார் கண்ணும் படாம இருக்கணும்!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தலைவலி இருந்தது. அது வெயில் என்றார்கள். கண்ணுக்குள் அவ்வப்போது பொட்டுப் பொட்டாக வெளிச்சம் பறந்தது. நாள் பூரா எண்களையே பார்த்தால் அப்படித்தான் இருக்கும் என்று அவளே சொல்லிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளும் வந்தது. அவள் போகவில்லை.

"இன்னும் ஒரு வாரம் போகட்டும் அத்தை. நல்லா லோடு ஏத்திக்கிட்டுப் போய் நிக்கறேன். அந்த நர்ஸ் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். மாமியாரும் சரி என்று தலையாட்டினாள். ரெண்டு பேருமாகச் சேர்ந்து சந்தோஷமாகச் செய்த முட்டாள்தனம் அது. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அந்த வாரத்தில் ஒரு பகல், மணல் லாரி ஒன்று மேடையேறியது. அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வண்டியோட்டி ஒரு வாயாடி. எடை கூட வேண்டுமென்று மணலில் தண்ணீர் அடித்துக்கொண்டு வருவது அவனுக்குக் கைவந்த கலை. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியிறங்கி வந்தாள்.

"ஏன்டா, இது மணல் லாரியா தண்ணி லாரியா? ஓரமாப் போய் நில்லு. வடியட்டும், அப்புறம் எடை போடறேன்."

"தண்ணியும் எடைதானே அக்கா?"

"எடைதான். ஆனா சரக்கு இல்ல. யார் காதுல பூ சுத்தற?"

"என்னை மட்டும் சொல்லுங்க!" என்று அவன் ஜன்னலில் தொங்கிக்கொண்டு சிரித்தான். "நீங்களே தண்ணி அடிச்ச மணல் மாதிரிதான் உப்பியிருக்கீங்க. உங்களை யார் ஓரங்கட்டறது?"

வழக்கமாக இருந்தால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள். அன்றைக்குத் தன் காலைப் பார்க்கத் தோன்றியது. குனிந்து பார்த்தாள், வயிறு மறைத்தது. படியில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்தாள். செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் அழுத்தினாள், அங்கேயும் அப்படியே. அவளுக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது.

"தம்பி," என்றாள். "இது சதை இல்லடா. எனக்கு என்னமோ ஆகுது."

அவன் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. வண்டியை விட்டுக் குதித்தான். அந்த இடத்தில் அவசரத்துக்கு வேறு வண்டி எங்கே கிடைக்கும்? சிமெண்ட் மூட்டைகளைப் படி மாதிரி அடுக்கி, கைத்தாங்கலாக அவளைத் தன் லாரியிலேயே ஏற்றினான். அவள் போனை வாங்கி மாமியாருக்குச் சொன்னான். பிறகு, மணலோடும் தண்ணீரோடும் வண்டியை விரட்டினான்.

வழியெல்லாம் அவள் கண்ணில் வெளிச்சப் பொட்டுகள் பறந்தன. மண்டை பிளந்தது. ஒரு பள்ளத்தில் வண்டியை இறக்கி ஏற்றியபோது அவன் திரும்பாமலே கேட்டான்.

"அக்கா, பிள்ளை அசையுதா?"

அவள் கையை வயிற்றில் வைத்துக் காத்திருந்தாள். காலையிலிருந்து அசைந்ததா? யோசித்துப் பார்த்தால் நினைவே வரவில்லை. எடை ஏறுகிற மிதப்பில் அதைக்கூடக் கவனிக்காமல் விட்டிருக்கிறாள், பாவி. இந்தப் பிள்ளையும் போய்விட்டதா என்று கையை இன்னும் அழுத்தி வைத்துப் பார்த்தாள். மரங்கள், கடைகள், ஒரு பாலம் எல்லாம் கடந்து போயின. அப்புறம்தான் விலாவுக்குக் கீழே லேசாக, மிக லேசாக ஒரு முட்டல்.

"அசையுது," என்றாள். "வேகமாப் போ."

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவள் கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தாள், உடனே இன்னொரு முறை பார்த்தாள்.

"ரத்த அழுத்தம் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. இதெல்லாம் நீர். இப்பவே பிள்ளையை எடுத்தாகணும். இல்லேன்னா உனக்கு வலிப்பு வந்துடும்."

"ஐயோ, வேண்டாம்மா! அது இன்னும் எடை போடலையே. கொஞ்ச நாள் உள்ள இருக்கட்டும். எனக்கு என்ன ஆனாலும் பரவாயில்ல."

டாக்டரம்மா கட்டிலருகே குனிந்தாள். "உள்ள இருந்தா எடை போடாதும்மா. உன் உடம்பிலேருந்து அதுக்குச் சாப்பாடே சரியாப் போகல. அது உள்ள பட்டினி கிடக்குது. புரியுதா?"

புரிந்தது. இவ்வளவு தின்றும் பட்டினி போட்டிருக்கிறேனே என்று வாய்விட்டுக் கதறினாள். அப்போதுதான் மாமியார் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றாள். மாமியாரைப் பார்த்துக்கொண்டே இவள் டாக்டரம்மாவிடம், "எடுத்துடுங்க" என்றாள்.

பெண் குழந்தை. உள்ளங்கையும் முன்கையும் போதும் ஏந்துவதற்கு. உடனே கொண்டுபோய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார்கள்.

தாயின் அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கியது. உடம்பில் தேங்கிய நீர் சிறுநீராகப் பிரிந்து, முகத்தில் மறுபடி எலும்பு தெரிந்தது. மாமியார் அவள் தோளைத் தடவிப் பார்த்து விசும்பினாள்.

"வீக்கத்தைப் போய்ப் பூரிப்புன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே. என்னை எதால அடிக்கறது?"

"நீங்க மட்டுமா அத்தை? நானும்தானே குதிச்சேன்."

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. குழந்தை எடை குறைந்துகொண்டே வந்தது. பிறந்த புதிதில் குறையத்தான் செய்யும் என்று நர்ஸ் ஆயிரம் சொன்னாள். இவளுக்குத் தலையில் ஏறவில்லை. தையல் வலியோடு உட்கார்ந்து, கையால் பிழிந்து பிழிந்து, கிண்ணத்தின் அடி நனைகிற அளவு பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அது ஒரு மெல்லிய குழாய் வழியாகக் குழந்தைக்குள் இறங்கும். காலையில் குழந்தையை நிறுக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். "அத்தை, நீங்க பாருங்க" என்பாள். மாமியார் பார்ப்பாள், ஒன்றும் சொல்ல மாட்டாள். அதிலேயே தெரிந்துவிடும்.

ஒரு காலை, மாமியார் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறியிருக்காம்டி!"

"எவ்வளவு?"

"ஒரு தீப்பெட்டி கனம் இருக்கும்" என்றாள் நர்ஸ்.

அவள் சந்தோஷப்படவில்லை. பெட்டியருகே போய், பயந்த குரலில் கேட்டாள்: "நர்ஸம்மா, இது வீக்கம் இல்லையே? நல்லாப் பார்த்துச் சொல்லுங்க. நெசமாவே ஏறியிருக்கா?"

நர்ஸ் குழந்தையின் பாதத்தைப் பிடித்துப் பார்த்தாள். தொடையைப் பார்த்தாள். பிறகு அவளைப் பார்த்தாள்.

"வீக்கமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. இது உங்க பால்."

அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாள்.