சம்பல் போத்தலில் இருந்த பெயர்

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில் ஒரு கூனிச் சம்பல் போத்தல் காலியாக இருக்கிறது. பெயர்த்தாள் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் சதுரமாக மங்கிக் கிடக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் அதை எறியச் சொல்லி என் மகள் நச்சரிப்பாள். நான் காதில் வாங்குவதில்லை. உம்மாவின் தங்கை, என் சாச்சி, கடைசியாக அடைத்த போத்தல்களில் அது ஒன்று.

சாச்சிக்கு ஒரே மகன். எங்களுக்கு அவர் நானா, அண்ணன் முறை. கச்சான் காற்று பலமாகக் கிளம்பியிருந்த நாளொன்றில் கற்பிட்டியிலிருந்து தனியாகக் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. கவிழ்ந்து மிதந்த படகை இழுத்து வந்தார்கள், அவர் கிடைக்கவில்லை. மையத்து கிடைக்காவிட்டாலும் இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை நடத்தலாம் என்று பள்ளிவாசல் பெரியவர்கள் வந்து சொன்னார்கள். சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "உசிரோட இரிக்கிற புள்ளைக்கு ஆரும் தொழுவிப்பாங்களா?" என்று கேட்டார். வந்தவர்கள் தேத்தண்ணீரைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்கள். இறந்தவர்களுக்கு ஓதும் கத்தத்தை நானாவின் பேரில் ஓதவும் அவர் விடவில்லை.

பிறகு தில்லையடி வீட்டில் காய்ந்த கூனி இறாலை வறுத்து இடித்துச் சம்பல் செய்து விற்கத் தொடங்கினார். நானா அந்தச் சம்பல் இருந்தால் வேறு கறி தேடமாட்டார். போத்தலில் என்ன பெயர் போடுவது என்று அச்சகத்தில் கேட்டபோது, சாச்சி யோசிக்கவேயில்லை. மகனின் பெயரைச் சொன்னார். வீட்டில் நாங்கள் உச்சரிக்கப் பயந்த பெயரை முந்தல் ஊர் வரைக்கும் கடைகளில் சத்தமாகச் சொல்லி வாங்கினார்கள். "என்ட மகன் பஸ் ஏறிப் போறான்" என்று, தூரத்துக் கடைகளுக்கு அனுப்பப் பெட்டி கட்டும்போது சிரிப்பார்.

வருடங்கள் போனபின் அதே பெயரில் கொழும்பில் ஒரு பாடகர் கிளம்பினார். முச்சக்கர வண்டிகளிலெல்லாம் அவர் பாட்டுத்தான். வானொலியில் அவர் பெயரைச் சொன்னால் சாச்சி கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சத்தத்தைக் கூட்டுவார். பாட்டு தொடங்கியதும் குறைத்துவிடுவார். அந்தப் பாடகர்தான் பிறகு தன் பெயரில் சம்பல், அச்சாறு என்று வியாபாரம் தொடங்கினார். அவருடைய சட்டத்தரணியிடமிருந்து, இனி அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று சாச்சிக்குக் கடிதம் வந்தது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாச்சியைப் புத்தளம் நகரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் கூட்டிப்போனேன். நல்ல மனிதர். "உங்கட பேர்தான் முந்தினது, அதைப் பதிஞ்சிட்டா பயப்பட வேணாம். ஆனா ஆள்ட பேரைப் பதியிறதெண்டா ஆள் சம்மதிக்கோணும். மகன் கையெழுத்து வைக்கோணும், இல்லாட்டி அவர்ட மரணச் சான்றிதழ் வேணும். காணாமப் போனவருக்கு அதை எடுக்க வழி இரிக்கி, நான் செஞ்சி தாறேன்" என்றார்.

"அப்ப அவன் வந்து வைக்கட்டும்" என்று சாச்சி எழுந்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் நான் பொரிந்து தள்ளினேன். "ஒரு தாள்தானே சாச்சி! உழைச்ச பேரை இப்பிடியா விடுறது?"

"பேரக் காப்பாத்துறதுக்கு ஆளை மௌத்தாக்கச் சொல்றியா மகள்?"

அன்று பின்னேரம் போத்தல்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஒரு பெயர்த்தாளும் கிழியாமல் உரித்து, நிழலில் உலர்த்தி எடுத்து வைத்தார். அதோடு சம்பல் விற்பதையும் விட்டார். பிறகு கடைகளில் அந்தப் பெயரைக் கேட்டால் பாடகரின் போத்தலை எடுத்துக் கொடுத்தார்கள். சாச்சி அவரை ஒரு நாளும் ஏசியதில்லை. "அவனுக்கும் ஒரு தாய்தானே அந்தப் பேர வெச்சிருப்பா" என்பார். வானொலிச் சத்தத்தைக் கூட்டுவதையும் விடவில்லை.

போன வருடம் சாச்சி மௌத்தானார். அந்த மரணத்தைப் பதிய நான்தான் போனேன். எழுதிக்கொண்டிருந்தவர், பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். ஒரு மகன் என்றேன்.

"உசிரோட இரிக்கிறாரா?"

அன்று வழியெல்லாம் சாச்சியிடம் நியாயம் பேசிய அதே வாயால், "ஓம்" என்றேன்.

பெயரைக் கேட்டார். சொன்னேன். "பாட்டுக்காரர்ட பேர்" என்று சிரித்தார்.

"இல்ல, எங்கட நானாட பேர்."

உரித்த தாள்கள் இப்போது என்னிடம் இருக்கின்றன. இந்தப் போத்தலில் ஒன்றை ஒட்டினால் கேட்க யாருமில்லை. ஒட்டவில்லை. நானா வந்து கையெழுத்து வைக்கட்டும்.