சிரங்கு கண்ட கைகள்

எங்கள் ம்பலேனி ஊரில் எனெலெசியின் கைக்கு இருந்த மரியாதை பாதிரியாரின் வாய்க்குக்கூட இருந்ததில்லை. கல்யாணமோ ஞாயிற்றுக்கிழமை ஜெபமோ, பெண்கள் சடை பின்னிக்கொள்ள அவள் வீட்டு வேப்பமரத்தடிக்குத்தான் வருவார்கள். விரல் ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடும்.

"தலைய ஆட்டாதடி. ஜோஹானஸ்பர்க்லேருந்து உன் புருஷனா கூப்பிடுறான்? என் புருஷனே கூப்பிடல."

அது உண்மை. கடைக்குட்டி ஃபட்ஸானி வயிற்றில் இருந்தபோது சுரங்க வேலைக்குப் போனவன் அவன். நாலு வருஷம் ஆயிற்று; ஒரு சேதியும் இல்லை. நாலு பிள்ளைகளையும் அவள் அந்தச் சடைகளை வைத்தே வளர்த்தாள். கூலியாக ஒருத்தி சோளமாவு தருவாள், ஒருத்தி காய்ந்த மீன் தருவாள்.

நான் டோரிக்கா, பக்கத்து வீடு. ஊரின் சுகாதாரப் பணியாளர். அரசாங்கம் கொடுத்தது பத்து வாரப் பயிற்சி, ஒரு சைக்கிள், ஒரு பை. எனெலெசி மட்டும் என்னை "டாக்டரம்மா" என்பாள், கிண்டலாக.

ஷிரே ஆறு கரை உடைத்த வருஷம் ஊரே ஆறு வாரம் மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கிடந்தது. ஒரு வகுப்பறைக்கு ஐம்பது பேர், நாலு பேருக்கு ஒரு போர்வை. தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபோது பானை சட்டி எதுவும் மிஞ்சவில்லை. சிரங்கு மட்டும் எங்களோடு வந்தது.

முதலில் பிள்ளைகளின் விரலிடுக்கு, பிறகு இடுப்பு, அக்குள். படுத்தால் அரிப்பு ஏறும். தூங்காத பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தூங்கின. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ சொறிந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் "எங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்றார்கள். என் பையில் இருந்ததோ ஆறு பாட்டில் பூச்சு மருந்து. ஒரு பிள்ளைக்குப் பூசினால், அதே பாயில் படுக்கிற அண்ணனிடமிருந்து பத்தே நாளில் திரும்பி வந்துவிடும்.

எனெலெசியின் சிரங்கை மறைக்க முடியவில்லை. அவள் பிழைப்பே கையில்தானே. ஒரு நாள் ஊர்த்தலைவர் மனைவி நாலுசோ சடைக்கு உட்கார்ந்தவள், கழுத்தருகே வந்த விரல்களைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டா எங்க தலைய தொடுற? குளிக்கிற பழக்கம் உண்டா இல்லையா?"

"நான் ஆத்துல குளிக்கிறேம்மா. நீங்க மேல்துணிக்குள்ள கைய விட்டு சொறியுறீங்களே, அதுக்கு எங்க குளிக்கணும்?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் மறுநாளிலிருந்து மரத்தடிக்கு யாரும் வரவில்லை. ஒரு மாதம் அவள் வீட்டில் சோளக்களி ஒரே வேளைதான். அதுவும் தவிட்டு மாவில்.

அப்போதுதான் மாவட்டத்திலிருந்து சேதி வந்தது: ஊர் முழுவதும் ஒரே நாளில் மாத்திரை விழுங்க வேண்டும், ஒரு வீடு விட்டாலும் பயனில்லை. நான் வீடு வீடாகப் போனேன். பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். மாத்திரை தின்றால் பிள்ளை பிறக்காது என்று ஒரு பேச்சு வேறு. நான் தளர்ந்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனெலெசி கிளம்பினாள்.

"நீ படிச்சத சொல்ற, எவளுக்குப் புரியும்? நகரு."

எந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தார்களோ அதே கையை நீட்டிக்கொண்டு அவள் அறுபது வீடு ஏறினாள். "இங்க பாருங்க. இது என்னோடது. உங்களோடத நான் கேக்கல. வெள்ளிக்கிழமை வந்து மாத்திரைய முழுங்குங்க, போதும்." நாலுசோ வீட்டு வாசலில் வெயிலில் வெகுநேரம் நின்றாள். கடைசியில் அந்த அம்மாளும் வருகிறேன் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஊரே வந்தது. என் இத்தனை வருஷ வேலையில் அப்படி ஒரு வரிசையை நான் கண்டதில்லை.

மாத்திரையை உயரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். தொண்ணூறு சென்டிமீட்டரில் சிவப்புக் கோடு போட்ட கோலை நான்தான் பிடித்திருந்தேன். கோட்டுக்குக் கீழே இருந்தால் மாத்திரை கூடாது, பூச்சு மருந்துதான். என் ஆறு பாட்டிலும் எப்போதோ தீர்ந்திருந்தது; பூச்சு மருந்து அன்றைக்கு வரவில்லை. அடுத்த வாரம் வரும் என்று மாத்திரையோடு வண்டியில் வந்தவர்கள் சொன்னார்கள்.

ஃபட்ஸானி வந்து நின்றாள். கோட்டுக்கு மூன்று விரல் கீழே. நான் சிவப்புக் கோட்டைப் பார்ப்பதைக் கண்டு, குதிகாலை மெதுவாகத் தூக்கினாள்.

"அவளுக்கு நாலு வயசுடி," என்றாள் எனெலெசி. "சாப்பாடு இல்லாம வளரல. உனக்குத் தெரியாதா?"

"தெரியும். ஆனா மாத்திரை கூடாதுன்னு இருக்கு. சின்ன உடம்பு தாங்காம ஏதாவது ஆயிட்டா?"

"சரி. அடுத்த வாரம்தானே," என்றாள் அவள்.

பூச்சு மருந்து அடுத்த வாரம் வரவில்லை. அடுத்த மாதமும் இல்லை. நான் மூன்று முறை சைக்கிளில் மாவட்டக் கிடங்குக்குப் போனேன். மூன்று முறையும் "எழுதி அனுப்பியிருக்கிறோம்" என்றார்கள். ஊரில் மற்றவர்களுக்கு அரிப்பு அடங்கியது. பெண்கள் மறுபடி சடைக்கு வந்தார்கள். கோட்டுக்குக் கீழே நின்ற பதினேழு பிள்ளைகள் மட்டும் சொறிந்துகொண்டே இருந்தார்கள். அம்மாக்கள் அவர்களை அணைத்துக்கொண்டுதான் படுத்தார்கள். வேறு எப்படிப் படுப்பார்கள்?

ஃபட்ஸானியின் புண்கள் சீழ் வைத்தன. உப்புத் தண்ணீரில் கழுவினோம். ஒரு காலை எனெலெசி அவளைத் தூக்கிக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் முகம் உப்பி, கண் திறக்கவில்லை.

"ரெண்டு நாளா மூத்திரம் சரியா போகல. போனதும் கட்டன் டீ மாதிரி இருக்கு. என்ன டாக்டரம்மா இது?" அன்றைக்கு அந்த வார்த்தையில் கிண்டல் இல்லை.

சைக்கிளில் அவர்களை ஏற்றி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு மைல் மிதித்தேன். சீழ் வைத்த சிரங்கு சிறுநீரகத்தைப் பிடித்துவிட்டது என்றார் அங்கிருந்த மருத்துவர். நாலாம் நாள் ஃபட்ஸானி போய்விட்டாள். திரும்பி வரும் வழியில் ஆற்றுப் பாலத்தருகே எனெலெசி கேட்டாள்:

"கோல கொஞ்சம் சாய்ச்சுப் புடிச்சிருக்கக் கூடாதா?"

சாய்த்துப் பிடித்திருந்தால் பிழைத்திருப்பாளா, எனக்குத் தெரியாது. "பிடிச்சிருக்கலாம்" என்றேன். அவள் தலையாட்டினாள். அவ்வளவுதான் நாங்கள் பேசியது.

மழை முடிவதற்குள் ஊர் முழுக்கச் சிரங்கு திரும்பிவிட்டது. நாலுசோ கிணற்றடியில் நின்று சொன்னாள்: "அவ பேச்சக் கேட்டு மாத்திரை தின்னோம். என்ன கெடச்சுது? அவ வீட்டுப் புள்ளைங்கதான் ஊருக்கே மறுபடி ஒட்ட வச்சுது." அதைக் கேட்டுக்கொண்டே எனெலெசி குடத்தை நிரப்பினாள். ஊரே பயந்த வாய் அது. குடத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

அந்த மாதமே மூன்று பிள்ளைகளோடு தியோலோ தேயிலைத் தோட்டத்துக்குக் கொழுந்து கிள்ளப் போனாள். நான் பஸ் வரை பாயைத் தூக்கிக்கொண்டு போனேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

பூச்சு மருந்து எட்டு மாதம் கழித்து வந்தது, இரண்டு பெட்டி. பதினேழு பிள்ளைகளுக்கென்று எழுதி அனுப்பியது. பதினாறு பேருக்குப் பூசினேன். அதற்குள் ஊர் முழுக்க இருந்ததால் அதுவும் இரண்டு வாரத்துக்குத்தான் தாங்கியது. போன மாதம் தியோலோவிலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் விசாரித்தேன். எனெலெசியைத் தெரியுமாம். தோட்டத்துக் குடியிருப்பில் ஒரு அறைக்கு ஒன்பது பேராம். "அங்க எல்லாருக்கும் அரிப்புதான்," என்றாள் அவள், தன் விரலிடுக்கைச் சொறிந்தபடி.