சந்தனம் பட்ட நடிகை

போன வெள்ளிக்கிழமை என் வீட்டில் ஒரு கொலை விழுந்திருக்க வேண்டியது. சாகவிருந்தவன் - நான்தான்!

என் மனைவி கலா கரித்துண்டால் படம் வரைகிறாள். பள்ளிக்கூடத்தில் வரைந்து பரிசெல்லாம் வாங்கியவள். கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தாறு வருடம் கோலமாவைத் தவிர வேறெதையும் தொடவில்லை. (யார் காரணம் என்று கேட்காதீர்கள்...) இந்த வருடம்தான் கெலிஓயாவில் பஸ் ஏறி, கண்டியில் ஓர் ஓவிய வகுப்பில் சேர்ந்தாள்.

அவள் எடுத்துக்கொண்ட முகம், அந்தக் காலத்துச் சினிமா நடிகை ஒருவருடையது. நடனத்தில் புலி. பெயர் எதற்கு? உங்கள் அப்பாவைக் கேளுங்கள், வெட்கப்படுவார். பழைய பத்திரிகையில் வந்த கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து மூன்று மாதமாக வரைந்தாள். கண், கழுத்து, அபிநயக் கை - எல்லாம் அச்சு அசல். ஆனாலும்...

"மூஞ்சியில என்னமோ கொறையுதுங்க. என்னன்னுதான் புடிபடல" என்பாள். வகுப்பு மாஸ்டருக்கும் பிடிபடவில்லை. எனக்கு? நான் எந்தக் காலத்தில் எதைக் கவனித்தேன்!

ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் கண்காட்சி. ஆளுக்கு ஒரே ஒரு படம். வெள்ளியன்று அதற்குக் கண்ணாடி வெட்டிவர அவள் கட்டுகஸ்தோட்டைக்குப் போனாள். மழைக்காலம். வீட்டில் ஈரம் ஏறாத ஒரே இடம் சாமி அறை. அங்கே பலகையில் படத்தைச் சாய்த்து வைத்திருந்தாள்.

அன்றைக்குப் பார்த்து எனக்கு நல்ல புருஷனாகும் ஆசை வந்தது. அவள் செய்யும் பூஜையை நானே செய்யலாமென்று குளித்தேன். சந்தனம் குழைத்து முருகன், லட்சுமி, காலஞ்சென்ற என் அப்பா என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். மூக்குக்கண்ணாடி குளியலறையில்! கடைசிப் படத்தின் நெற்றி மட்டும் சொரசொரவென்றிருந்தது. விரலைப் பார்த்தேன். கறுப்பு.

கலா வந்தாள். பார்த்தாள். நான் சாப்பாட்டு மேசைக் கதிரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"தெரியாம வச்சிட்டேன் கலா..."

அவள் படத்துக்கு அருகில் போய்க் குனிந்து பார்த்தாள். கண் கலங்கியது. இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு நாலு பேர் பார்க்கப்போகும் அவளுடைய முதல் படம் அது.

"இங்க வாங்க. இப்ப பாருங்க இவ மூஞ்சிய."

பார்த்தேன். நடிகையும் என்னைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்!

"பத்திரிகைப் படத்துல நெத்தி வெளுத்துக் கெடந்துச்சு. நானும் அப்பிடியே வரைஞ்சிட்டேன். ஆடுறவளுக்குப் பொட்டு வைக்காமலே மூணு மாசமா கொறை தேடியிருக்கேன் பாருங்க!" சிரித்தாள். எனக்கு உயிர் வந்தது.

குறை தேடும்போது இருப்பதைத்தானே உற்றுப் பார்க்கிறோம்? இல்லாததை யார் பார்க்கிறார்கள்? என் வீட்டில் ஒருத்தி இத்தனை வருடம் வரையாமல் இருந்தாளே, அதை நான் பார்த்தேனா?

சந்தனம் காய்ந்ததும் அதன்மேல் கரியைத் தேய்த்து வட்டமாக்கினாள். ஞாயிறன்று அந்தப் படத்தின் முன்னால்தான் கூட்டம். திரும்பும் வழியிலேயே அடுத்த படத்துக்குத் தாள் வாங்கிவிட்டாள்.

படத்தின் மூலையில் அவள் கையெழுத்து இருக்கிறது. பொட்டுக்கு அடியில் என் விரல் தடம் இருப்பது எங்கள் இருவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது உங்களுக்கும்... மூச்சு விடாதீர்கள்!