பெரட்டுக் களத்து வாசகர்

போன வருஷம் ஆடி மழை நேரம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முன்பள்ளி டீச்சராக இருக்கிறேன். வீட்டுக்கே தெரியாத ஒரு பழக்கம் எனக்கு உண்டு. நான் பைத்தியமாகக் கேட்கும் கொரியப் பாட்டுக் குழுவில் இரண்டு பேர் காதலிப்பதாகக் கற்பனை பண்ணி, போனில் ஒரு கதைச் செயலியில் புனைபெயரில் தொடர் எழுதுவேன். இரண்டு பேருமே ஆண்கள். அம்மாவுக்குத் தெரிந்தால் போன் அடுப்புக்குள் போயிருக்கும், நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சாகியிருக்கும்.

கதையில் ஒருவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான், மற்றவன் காத்திருக்கிறான். அழவைத்தால்தான் ஆட்கள் கூடுவார்கள் என்று, இருவரையும் பிரிக்கப் போவதாகக் கோடி காட்டினேன். உடனே பேரும் படமும் இல்லாத ஒரு வாசகரின் கருத்து வந்தது: ‘அவங்கள பிரிச்சிராதீங்க. பெரட்டுக் களத்துல மழையில நின்னு வாசிக்கிறேன்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தைப் பெரட்டுக் களம் என்பது எங்கள் மலையகத்து ஆட்கள்தான். அதிலும் எங்கள் தோட்டத்தில் டவர் ஒழுங்காகப் பிடிப்பதே அங்கேதான். அப்படியானால் பக்கத்திலேயே யாரோ! யாரென்று தெரியாமல் சோறு இறங்கவில்லை. அடுத்த பகுதி நாளை மாலை ஐந்தரைக்கு என்று அறிவித்துவிட்டு, அந்த நேரத்துக்குக் குடையோடு களத்துக்குப் போய்ப் பகுதியைப் போட்டேன்.

என் சந்தேகமெல்லாம் பக்கத்து லயத்துப் பெண் மேல். போன் உறையிலேயே அந்தக் குழுவின் படம் வைத்திருப்பவள். அவளோ யாருடனோ சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டுப் போய்விட்டாள். மிச்சம் நின்றது எங்கள் கங்காணி மட்டும். கொழுந்து பறிக்கும் பெண்களை மேற்பார்த்து, மலையில் போனைத் தொட்டாலே ஏசுகிற அதே மனுஷன். கறுப்புக் குடைக்குள் போனைக் கண்ணருகே பிடித்து, உதடு அசைய வாசித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒற்றை விரலால் எதையோ தட்டினார். என் கைக்குள் போன் அதிர்ந்தது. ‘இன்னும் பிரிக்கல, சந்தோசம்.’

ஒன்றும் தெரியாதவள் போலப் பக்கத்தில் போனேன். “என்ன மாமா வாசிக்கிறீங்க?”

வெட்கப்பட்டார். குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் அவர் மனைவிதான் இந்தக் கதையை அனுப்பினாராம்.

“போன்ல பேச விசயமே இல்லாம போச்சு டீச்சர். சாப்பிட்டியா, அங்க மழையானு கேட்டா முடிஞ்சிரும். இப்ப இந்த ரெண்டு பயலுகளப் பத்தித்தான் பேசிக்கிறோம்.”

“ரெண்டு பேரும் ஆம்பளைங்களாமே மாமா?”

“இருந்துட்டுப் போகட்டும். காத்துக்கிட்டு இருக்கிறது எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

பிரிப்பதற்காக எழுதி வைத்திருந்ததை அன்றைக்கே அழித்தேன். பட்டாளத்துக்காரன் ஊர் திரும்பினான். அதோடு முடித்திருக்கலாம், மனம் வரவில்லை. சண்டை, சமாதானம், மறுபடி சண்டை என்று கதை இழுபடுகிறது. ஜவ்வு என்று சிலர் திட்டுகிறார்கள், திட்டட்டும். எழுதுவது நான்தான் என்று மாமாவுக்கு இன்னும் தெரியாது. விளையாட்டாக எழுதியது எங்கேயோ இரண்டு பேருக்குப் பேச்சுத் துணையாக இருக்கிறது என்று நினைத்தால் இப்போதும் மனசு என்னவோ செய்கிறது. குவைத்திலிருந்து அந்த அம்மா வந்து இறங்கும் வரை என் கதைக்கு முடிவு கிடையாது.